பொட்டு வைத்த விரலில் ஒரு பொறி

தம்பி,

போன வாரம் நீ போனில் கேட்ட கேள்விக்கு, "அப்புறம் சொல்றேன்டா" என்று வைத்துவிட்டேன். பதில் தெரியாமல் வைக்கவில்லை. நம் பிளாட்டின் லட்சணம் உனக்குத் தெரியும். ஹாலில் நான் ரகசியம் பேசினால் சமையலறையிலிருந்து உன் அம்மா அதற்கு மறுப்புச் சொல்வாள். அதனால்தான் எழுத உட்கார்ந்தேன். தமிழ்ப் பள்ளியில் ஆறாம் வகுப்போடு நின்று, பிறகு பஸ் ஓட்டப் போனவன் எழுதுகிற கடிதம் இது. ஒற்று விட்டுப்போன இடத்தில் நீயே போட்டுக்கொள். உன்னை அவ்வளவு தூரம் படிக்க வைத்தது வேறு எதற்கு?

நீ கேட்டது இதுதான். "அப்பா, யாழினி கேக்குறா, அத்தைக்கு என்னைப் பிடிக்கலையான்னு. பிடிக்காத வீட்டுக்கு நான் வரமாட்டேன், கல்யாணத்தை நிறுத்திடலாம்னு சொல்றா. நான் என்ன பதில் சொல்லட்டும்?" உன் குரல் அடைத்திருந்தது. சளியா அழுகையா என்று கேட்டுக் கிண்டல் செய்ய வாய் வரை வந்தது, அடக்கிக்கொண்டேன். என் வாழ்க்கையில் நான் அடக்கிய ஒரே கிண்டல் அதுவாகத்தான் இருக்கும்.

பதிலுக்கு வருகிறேன். ஆனால் அது காற்றைப் பற்றிய பதில். ஆகவே காற்றிலிருந்துதான் தொடங்க வேண்டும்.

தீபாவளி முடிந்த கையோடு நானும் அம்மாவும் உன்னைப் பார்க்கக் கனடாவுக்கு வந்தோமே, அந்த எட்மன்டன் ஊர் எனக்கு இன்னும் கனவு மாதிரி இருக்கிறது. பனியைச் சொல்லவில்லை. பனியை டிவியில் பார்த்திருக்கிறேன். என்னை அசர வைத்தது உன் வீட்டுச் சாப்பாட்டு மேசையில் இருந்த அப்பளம். உன் அம்மா பொரித்துவிட்டு மூட மறந்துபோனாள். இங்கே என்றால் சாம்பார் வருவதற்குள் அது நமத்து, மடித்து வைக்கிற துணி மாதிரி ஆகிவிடும். அங்கே மறுநாள் எடுத்துக் கடித்தேன், நொறுங்கியது. அதற்கும் அடுத்த நாள் கடித்தேன், அப்போதும் நொறுங்கியது. அப்பளத்தைக் கையில் வைத்துக்கொண்டு சாமி பார்த்தவன் போல நின்றேன். நீ வேலைக்குப் போகிற அவசரத்தில் கவனிக்கவில்லை. நாற்காலியில் ஈரமாகப் போட்ட என் கைலி நான் ஒரு கிளாஸ் தே குடித்து முடிப்பதற்குள் காய்ந்துவிட்டது. அதே கைலி பினாங்கு மழைக்காலத்தில் இரண்டு நாள் தொங்கி, காயாமல் நாறி, மறுபடியும் துவைக்கப் போகும்.

கைலியைக் காயவைத்த அந்தக் காற்று எங்களையும் சேர்த்துக் காயவைத்தது. எனக்கு உதடு வெடித்தது. அம்மாவுக்குக் குதிகால் வெடித்தது, மூக்கில் ரத்தப் பொட்டு வந்தது. சாமி படத்தின் மரச்சட்டம்கூட மூலையில் வாய் பிளந்தது. எனக்கோ ஒரே குழப்பம். ஜன்னலுக்கு வெளியே ஊரெல்லாம் தண்ணீர் உறைந்து மலையாகக் கிடக்கிறது, வீட்டுக்குள் தண்ணீருக்குத் தவிக்கிறோம். கடலுக்கு நடுவில் நாக்கு வறண்டு சாவது மாதிரி இது என்னடா கூத்து என்று உன்னைக் கேட்டேன். "குளிர்ந்த காத்து தண்ணியத் தாங்காதுப்பா, அதான்" என்று ஒரு வரியில் சொல்லிவிட்டு ஷூவை மாட்டிக்கொண்டு ஓடினாய். நானும் புரிந்த மாதிரி தலையாட்டினேன். பெற்றவர்கள் பிள்ளைகளிடம் பாதி நேரம் அப்படித்தான் தலையாட்டுகிறோம், தெரிந்துகொள்.

பிறகு அந்தப் பொறி. விளக்கை அணைத்துவிட்டு ஸ்வெட்டரைக் கழற்றினால் படபடவென்று நீலமாக மின்னும். கதவுப் பிடியைத் தொட்டால் சுள்ளென்று அடிக்கும். முதல் தடவை உன் அம்மா என் முழங்கையைத் தொட்டபோது இரண்டு பேருக்கும் அடித்தது. "உன்கிட்ட கரண்டு இருக்குன்னு எனக்கு அப்பவே தெரியும்மா" என்றேன். "வயசுக்கேத்த பேச்சா இது?" என்று முறைத்தாள். ஆனால் சிரித்தாள். அதுவரை அது சிரிப்புதான். அதை ஞாபகம் வைத்துக்கொள்.

இப்போது அந்த மெஷினைப் பற்றிச் சொல்ல வேண்டும். ஹால் மூலையில் வெள்ளையாக ஒன்று, தண்ணீரைப் புகையாக ஊதிக்கொண்டே இருக்குமே, அது. உனக்குத் தெரியாத ஒரு விஷயம் சொல்கிறேன். யாழினிக்குப் பூ வைத்து நிச்சயம் பண்ணுகிற அன்று காலை உன் அம்மா அதைப் பார்த்து, "என்னங்க இது, காசு குடுத்து வீட்டுக்குள்ள பூசணம் வளர்க்குறான்!" என்றாள். அவள் மேல் தப்புச் சொல்லாதே. இந்தத் தீவில் முப்பது வருஷமாக அவள் நடத்துவது ஒரே போர், அது ஈரத்தோடு. அலமாரியில் ஷூவுக்குப் பூசணம், எங்கள் கல்யாண ஆல்பத்தில் என் மூஞ்சிக்கு மட்டும் பூசணம், உப்பு ஜாடிக்குள் ஈரத்தை இழுக்க அரிசி. அப்படிப்பட்டவள் கண் முன்னால் ஒரு மெஷின் ஈரத்தை ஊதினால் விடுவாளா? நிறுத்தி, தண்ணீரைக் கொட்டி, துடைத்து, சிங்க்கில் கவிழ்த்து வைத்தாள். பட்டுப்புடவை கட்டிக்கொண்டு, கால் வெடிப்புக்கு உன் கம்பளிக் காலுறையைப் போட்டுக்கொண்டு, அந்தக் கம்பளத்தின் மேல் அடுப்படிக்கும் ஹாலுக்கும் காலை முழுக்க நடந்தாள்.

அடுத்து நடந்ததை நீ சரியாகப் பார்த்திருக்க மாட்டாய். இங்கே நிபோங் திபாலில் இருக்கிற யாழினியின் அம்மா அப்பாவுக்குக் காட்டுவதற்காகப் போனைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு, "தெரியுதா மாமா, தெரியுதா?" என்று கேட்டுக்கொண்டிருந்தாய். நான் பார்த்தேன். மல்லிகை கிடைக்காமல் நீ வாங்கி வந்த ரோஜாவை அம்மா நூலில் கட்டி வைத்திருந்தாள். முதலில் பொட்டு, பிறகு பூ என்று, குங்குமத்தை விரலில் தொட்டு அந்தப் பெண்ணின் நெற்றிக்குக் கொண்டுபோனாள். யாழினி கண்ணை மூடிக்கொண்டு, தங்கச்சிலை மாதிரி முகத்தைத் தூக்கிக் காட்டினாள். விரல் படுவதற்கு ஒரு நூல் முன்னால் பட்டென்று சத்தம். பொறி பறந்தது, நானே கண்ணால் பார்த்தேன். "ஐயோ!" என்று அவள் கண்ணைத் திறந்தாள். அம்மா கையை வெடுக்கென்று இழுத்தாள். தட்டு விழுந்து கம்பளம் முழுக்கக் குங்குமம். அந்தப் பெண் முதலில் சிரித்தாள், தம்பி. அம்மாவின் முகத்தைப் பார்த்த பிறகுதான் சிரிப்பு நின்றது.

"இன்னொரு நாள் வச்சுக்கலாம்" என்றாள் அம்மா. அந்த இன்னொரு நாள் வரவில்லை. அதற்குப் பிறகு யாழினி வரும்போதெல்லாம் அவளுக்குப் பிடித்ததைச் சமைத்தாள், தட்டில் அள்ளி அள்ளிப் போட்டாள். ஆனால் கரண்டியால்தான் போட்டாள், கையால் தொடவில்லை. விமான நிலையத்தில் அந்தப் பெண் கட்டிக்கொள்ள இரண்டு கையையும் விரித்தபோது இவள் எட்ட நின்று கும்பிட்டாள். அப்போது எனக்கும் கிண்டல் வரவில்லை.

இங்கே வந்த பிறகு கேட்டேன். அழுதுகொண்டே சொன்னாள்: "பொண்ணு நல்ல பொண்ணுங்க. ஆனா நெத்தியில நெருப்பு வந்துச்சு, குங்குமம் கொட்டிப்போச்சு. எத்தனையோ வீட்டுல பூ வைக்கிறதப் பார்த்திருக்கேன், இப்படி எங்கேயும் ஆனதில்ல. ஆத்தா ஏதோ சொல்றா. நாளைக்கு என் பிள்ளைக்கு ஒன்னுன்னா, அன்னிக்கே காட்டுனேனே கேட்டியான்னு கேப்பா இல்ல?" பயப்படுகிறவளை "சும்மா இருலா" என்று அதட்டினால் பயம் போய்விடுமா? உன் ஒரு வரி மட்டும் மண்டைக்குள் சுற்றிக்கொண்டே இருந்தது. குளிர்ந்த காற்று தண்ணீரைத் தாங்காது. தாங்காது என்றால் என்ன அர்த்தம்?

அர்த்தம் நம் பிளாட்டுக்குக் கீழே இருக்கிற கடையில் கிடைத்தது. முந்தாநாள் சாயங்காலம், மழை விட்ட நேரம், அம்மாவைக் கூட்டிக்கொண்டு கீழே போய் உட்கார்ந்தேன். பால் ஊற்றாத சிவப்புத் தேயில் ஐஸ் மிதக்க, தே ஓ ஐஸ் வந்தது. கொஞ்ச நேரத்தில் கிளாஸ் வியர்த்து, மேசையில் குளம் கட்டியது. பிறந்ததிலிருந்து பார்க்கிற குளம். அன்றைக்கு என் கண்ணுக்கு அது புதிதாகப் பட்டது.

"இந்தத் தண்ணி எங்கேருந்து வந்துச்சு?" என்றேன்.

"கிளாஸ் ஒழுகுது. மாத்தித் தரச் சொல்லுங்க."

"ஒழுகுனா செவப்பா இல்ல ஒழுகணும்? தொட்டு நாக்குல வச்சுப் பாரு, இனிக்குதா?"

சுற்றும் முற்றும் பார்த்துவிட்டு, கிளாஸின் வெளிப்பக்கத்தை விரலால் வழித்து நாக்கில் வைத்தாள். "சப்புன்னு இருக்கு."

"அது உள்ள இருந்து வரல. காத்துல இருந்து வந்துச்சு. ஐஸ் பக்கத்துல வந்த காத்து குளிர்ந்துபோய், வச்சிருந்த தண்ணியத் தாங்க முடியாம இறக்கி விட்டுருச்சு."

சொல்லும்போதே எனக்கு மேலெல்லாம் சிலிர்த்தது, தம்பி. அந்தக் கடையில் நாற்காலிகளுக்கு இடையே, விசிறிக்குக் கீழே, அவள் முகத்துக்கும் என் முகத்துக்கும் நடுவே தண்ணீர் நிற்கிறது, கண்ணுக்குத் தெரியவில்லை. நாம் பினாங்கில் பிறந்து வளர்ந்தவர்கள் ஆயுசு முழுக்கத் தண்ணீருக்குள்ளேதான் நடந்திருக்கிறோம். மீனுக்குத் தெரியாத மாதிரி நமக்கும் தெரியவில்லை. ஒரு ஐஸ் கட்டி வந்து காட்டிக்கொடுக்க வேண்டியிருந்தது.

மீதி எல்லாம் என் பஸ்ஸில் ஏறிக்கொண்டு தானாக வந்தது. பாயான் லெப்பாஸ் தொழிற்சாலைகளுக்கு ஷிப்ட் பஸ் ஓட்டியவனுக்கு வேறு எப்படிப் புரியும்? அவளுக்கு அப்படியே சொன்னேன். காற்றை ஒரு பஸ்ஸாக நினைத்துக்கொள், தண்ணீர்தான் பயணிகள். நம் ஊர்க் காற்று சூடான காற்று, பெரிய பஸ். ஆனால் எப்போதும் நிறைந்து, வாசல் வரை ஆள் தொங்குகிற பஸ். என் ஈரக் கைலி ஸ்டாப்பில் நின்று கை காட்டினாலும் ஏற இடமில்லை, அதனால்தான் காய்வதில்லை. எட்மன்டனில் வெளியே இருக்கிற காற்று குளிரில் சுருங்கிப்போன சின்ன வேன். நாலு பேருக்குத்தான் இடம், மற்றவர்களை எல்லாம் பனியாக வழியிலேயே இறக்கிவிட்டது. அந்த வேன் உன் வீட்டுக்குள் நுழைகிறது, ஹீட்டர் அதைச் சூடாக்குகிறது, உடனே அது பெரிய பஸ்ஸாகிவிடுகிறது. பஸ் பெரிது, உள்ளே அதே நாலு பேர். அப்புறம் என்ன செய்யும்? கண்ட ஸ்டாப்பில் எல்லாம் நிறுத்தி ஏறு ஏறு என்று கூப்பிடும். உதட்டிலிருந்து ஏற்றும், குதிகாலிலிருந்து ஏற்றும், ரோஜாப்பூவிலிருந்தும் சாமி படத்துச் சட்டத்திலிருந்தும் ஏற்றும்.

"உனக்குப் புரியுற மாதிரி சொல்றேம்மா."

"உங்களுக்குப் புரிஞ்ச மாதிரி சொல்றீங்க" என்றாள். ஆனால் கேட்டுக்கொண்டிருந்தாள். கிளாஸை விட்டுக் கண்ணை எடுக்கவில்லை. பிறகு கேட்டாள்: "சரி, தண்ணி இல்ல. தண்ணி இல்லேன்னா நெருப்பு ஏன் வரணும்?"

அங்கேதான் என் பஸ் நின்றுபோனது. எனக்குத் தெரியவில்லை. தெரியவில்லை என்றே சொன்னேன். அவள் மேசையில் இருந்த குளத்தில் விரலால் கோடு இழுத்தாள். பிறகு அவள் குரல் மாறியது.

"அப்ப பேக்டரியில எங்க லைன்ல மேல குழாய் போகும். அதுல தண்ணிப் புகை விடுவாங்க. அவன் வீட்டு மெஷின் மாதிரியே."

நாற்காலியை அவள் பக்கம் இழுத்துப் போட்டேன்.

"சுவத்துல மீட்டர் ஒன்னு இருக்கும். காத்து காஞ்சு போய் முள்ளு கீழ இறங்குச்சுன்னா லீடர் கத்துவா, எல்லாரும் கைய எடுங்கன்னு. காஞ்ச காத்துல கரண்டு போக வழியில்லாம நம்ம ஒடம்புலேயே தங்கிக்குமாம். அப்ப தொட்டா சர்க்யூட் போர்டு செத்துரும்னு சொல்லித்தான் கையில வாரு கட்டி மேசையோட மாட்டி விடுவாங்க."

உனக்கு நாங்கள் சொல்லாத ஒரு கதை இங்கே இருக்கிறது. நானும் உன் அம்மாவும் முதன்முதலாகப் பேசிக்கொண்டது அந்த வாரைப் பற்றித்தான். ஷிப்ட் முடிந்து பஸ்ஸில் ஏறும்போது அவள் மணிக்கட்டில் வார் அழுத்திய தடம் சிவப்பாக இருக்கும். "என்னம்மா, உள்ள யாராச்சும் கட்டிப் போட்டுட்டாங்களா?" என்று நான் வம்புக்கு இழுத்தேன். அவள் சிரிக்காமல், "என்னைக் கட்டலண்ணே, என் கரண்டைக் கட்டியிருக்காங்க" என்றாள். ஆமாம், அண்ணே என்றுதான் சொன்னாள். அந்த ஒரு வார்த்தையை மாற்ற நான் எத்தனை ஷிப்ட் ஓட்டினேன் என்பது வேறு கதை. ஒவ்வொரு மனுஷன் உடம்பிலும் சும்மாவே ஏறுகிற ஒன்று, நம் ஊர் ஈரக் காற்று நமக்குத் தெரியாமல் நிமிஷத்துக்கு நிமிஷம் வழித்து எடுத்துப் போகிற ஒன்று, அதை மணிக்கட்டில் கட்டிக்கொண்டு அத்தனை வருஷம் வேலை செய்தவள் அவள். அவள் கையிலிருந்தே அது பாய்ந்தபோது ஆத்தாளைக் கூப்பிட்டுவிட்டாள். பட்டுப்புடவையும் குங்குமமும் முன்னால் வந்ததும் தொழிற்சாலை ஞாபகம் எங்கே வரும்? எனக்கும்தான் வரவில்லை.

"போர்டுக்கு ஒரு காத்து, பொண்ணுக்கு ஒரு காத்தா?" என்று மட்டும் கேட்டேன்.

அவள் முகம் போன போக்கை எழுத எனக்குப் படிப்புப் போதாது. "அந்த மெஷினை நான்தாங்க கவுத்து வச்சேன்" என்றாள். "அந்தக் காலுறையப் போட்டுக்கிட்டு நான்தாங்க நடந்தேன். எல்லாம் என் கையில இருந்து வந்தது. அவ சும்மா கண்ண மூடிக்கிட்டு நின்னா." தே ஓ ஐஸ் அப்படியே உருகிக் கிடந்தது. இரண்டு பேரும் குடிக்கவில்லை. காசு கொடுத்துவிட்டு மாடிக்கு வந்தோம்.

உனக்குப் புத்தி சொல்ல வேண்டிய வயசில்லை, கல்யாணம் பண்ணப் போகிறவன். ஆனாலும் அப்பன் என்று ஒருவன் இருந்தால் ஏதாவது சொல்லத்தானே செய்வான். உங்கள் வீட்டில் ஒருநாள் ஏதாவது சுள்ளென்று அடிக்கும். அடிக்கும்போது யார் அடித்தது என்று முகத்தைப் பார்க்காதே, அறையில் ஈரம் இருக்கிறதா என்று பார். இதைப் பெரிய ஆட்கள் இன்னும் அழகாகச் சொல்லியிருப்பார்கள். நான் டிரைவர், எனக்குத் தெரிந்த பாதையில்தான் ஓட்டுவேன்.

நேற்று காலை நான் ஒரு யோசனை சொன்னேன். பிள்ளைகள் கல்யாணத்துக்கு எப்படியும் இங்கே வரத்தானே போகிறார்கள், நம் ஊர் ஈரக் காற்றிலேயே வைத்துப் பூ வைத்துவிடலாமே, ஒரு பொறியும் வராதே என்றேன். நான் ஏதோ கெட்ட வார்த்தை பேசிவிட்ட மாதிரி திரும்பிப் பார்த்தாள். "இங்க வச்சா அந்தப் பொண்ணு என்ன நினைப்பா? நல்ல காத்து பார்த்துத்தான் அத்தை தொட்டாங்கன்னு நினைப்பா. அங்கேயே போயி வைக்கிறேன். அந்தக் குளிர் முடியுறதுக்குள்ள." பொங்கலுக்கு முன்னால் கிளம்ப டிக்கெட் பார்க்கச் சொல்லியிருக்கிறாள். இந்தத் தடவை அவள் மட்டும். நான் வந்தால் சிரிக்க வைத்துக் காரியத்தைக் கெடுத்துவிடுவேனாம்.

ஆகவே உன் கேள்விக்குப் பதில் இதுதான். இதை அப்படியே யாழினிக்குப் படித்துக் காட்டு, என் கிண்டலை மட்டும் தாண்டிப் போ. ரோஜா வாங்கி வை. நீ மட்டும் உன் அம்மாவுக்குத் தெரியாமல் அந்த மெஷினில் தண்ணீர் ஊற்றி ஓடவிடு என்று எழுதிக்கொண்டிருந்தபோதே அவள் பின்னால் வந்து நின்று படித்துவிட்டாள். நான் சொன்னேனே, இந்த வீட்டில் ரகசியம் கிடையாது.

"மறைச்சு எல்லாம் ஓட்ட வேணாம். நானே தண்ணி ஊத்துறேன்னு எழுதுங்க" என்றாள்.

"எழுதுறேன். அப்படியும் மறுபடி சுட்டுச்சுன்னா?"

கொடியில் இரண்டு நாளாகக் காயாமல் தொங்குகிற என் கைலியை எடுத்து உதறிக்கொண்டே சொன்னாள். அவள் சொன்னதை ஒரு எழுத்து மாற்றாமல் எழுதுகிறேன்.

"சுட்டா சுட்டுட்டுப் போகட்டும். இந்தத் தடவை கைய எடுக்க மாட்டேன்."